நாலாவதில் பிடிக்கும்

எங்கள் திருகோணமலையில் ஆளை வழிமறிக்கும் உயிரினங்கள் பல உண்டு. கடற்கரை வீதியில் மான் மறிக்கும். சந்தைப் பக்கம் கட்டாக்காலி மாடு மறிக்கும். தேர்தல் காலத்தில் வேட்பாளர் மறிப்பார். மானுக்கு ஒரு துண்டு பாண் போட்டால் போய்விடும், மாட்டுக்கு ஹோர்ன் அடித்தால் போய்விடும், வேட்பாளர் வென்றாலும் தோற்றாலும் போய்விடுவார். நான் சொல்லப் போகும் உயிரினம் போகவே போகாது. அதற்குப் பெயர் ‘பாருங்கோ’க்காரர்.

யார் இந்தப் ‘பாருங்கோ’க்காரர்? ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தான் பார்த்து முடித்த நிமிடத்திலிருந்து, ஊரில் மற்றவர்கள் அதைப் பார்க்காமலே சோறு தின்று, உடுப்புத் தோய்த்து, நிம்மதியாக நடமாடுவதைத் தாங்க முடியாமல், எதிரே வருகிறவரின் முழங்கையைப் பிடித்து, “ஒரு நாடகம் இருக்கு, கட்டாயம் பாருங்கோ” என்று சொல்லி, அவர் “ஓம், பாப்பம்” என்று தப்பப் பார்க்கும்போது முழங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறவர். மழை என்று நீங்கள் சொன்னால் அந்த நாடகத்திலும் மழை. முதுகு நோகிறது என்றால் அதிலும் ஒருவருக்கு முதுகு நோவு. “அண்ணை, என்ரை வீட்டுக் கூரை பறந்திட்டுது” என்று சொல்லிப் பாருங்கள். “அதை விடுங்கோ, அஞ்சாவது எபிசோட்டிலை ஒரு கூரை பறக்கும், சிரிச்சுச் சிரிச்சுச் செத்துப்போவீங்கள்” என்பார்.

என் கைவசம் இருக்கும் மாதிரி சிவகுருநாதன் அண்ணை. லிங்கநகரில் நானும் அவரும் ஒரே சந்தியில் கொம்பனி வானுக்குக் காத்து நிற்கிறவர்கள். சீனன்குடாவில் ஒரு கொம்பனியில் அவர் ஸ்டோர்கீப்பர், நான் இலிகிதர். ஒரு சோடிக் கையுறை எடுக்க மூன்று பேரின் கையொப்பம் கேட்கிற மனிதர் அவர். பழைய கையுறையைக் கொண்டுவந்து காட்டு என்பார், காட்டினால் இன்னும் ஒரு மாதம் போடலாம் என்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாடகத்தை மட்டும் எந்தக் கையொப்பமும் கேளாமல், வேண்டாம் வேண்டாம் என்கிறவர்களுக்கும் அள்ளி வழங்குவார்.

வான் அரை மணித்தியால ஓட்டம். விமானப் படை முகாம் பக்கம் வந்தால் வேகத்தைக் குறைக்கும். ஓடுகிற வானிலிருந்து யாரும் குதிக்க ஏலாது. ‘பாருங்கோ’க்காரர் ஒருவருக்கு வேறென்ன வேண்டும்?

நாடகம் இதுதான். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு சின்னப் பட்டினம். அங்கே சலூன் வைத்திருந்த ஒருவர் செத்துப்போகிறார். அவருடைய மூன்று சிநேகிதர்கள், கத்தரிக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவர்கள், அவரின் நினைவாக அந்தச் சலூனைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். செத்த மனிதர் மேலிருந்த பாசத்தில் ஊர்ச்சனமும் வந்து தலையைக் கொடுக்கிறது. ஒரு பக்கம் கட்டை, மறு பக்கம் நீளம். பாதிரியாருக்குப் பின்தலையில் மூன்று படிக்கட்டு. எல்லாரும் அந்தத் தலையோடு பட்டினத்தில் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள், திடீரென்று ஒருவர் அழுகிறார், பார்க்கிற நாமும் அழ வேண்டும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? “கதை சொல்லமாட்டன், சொன்னாச் சுவை போயிடும்” என்று தொடங்கித்தான் அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். பதினொரு தடவை சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் ஒரே முடிப்பு: “பிள்ளை, பொறுமை வேணும். முதல் மூண்டு எபிசோட்டும் இழுக்கும். நாலாவதிலை பிடிக்கும்.” இந்த வாக்கியத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தை அடையாளம் காண இதைவிடத் திறமான அறிகுறி வேறில்லை. மூன்று மணித்தியாலம் கொட்டாவி விட்டால் நாலாவது மணித்தியாலத்தில் இன்பம் தருவேன் என்று ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் சொன்னால் அந்தக் கடைக்குப் போவீர்களா?

நாலாவதில் என்னதான் நடக்கிறது? செத்தவருக்கு உயிருக்குயிரான சிநேகிதன் ஒருவன், செத்தவீட்டுக்கே வராதவன், ஒருநாள் சலூன் வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே வரப் பயந்து மூன்று தரம் தெருவைச் சுற்றுகிறான். நாலாம் தரம் உள்ளே வந்து கதிரையில் இருக்கிறான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைமயிரை மட்டும் வெட்டுகிறார்கள், படு மோசமாக. இந்த இடத்தைச் சொல்லும்போது அண்ணையின் குரல் தடக்கும். வான் சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு வானொலிச் சத்தத்தைக் குறைப்பார்.

நான் தப்பிக்க ஒரு நாள் பொய் சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

“பாத்தாச்சு அண்ணை.”

“எத்தினை?”

“எல்லாம்.”

“நாலாவதிலை அழுதனீங்களோ?”

“அழாம இருக்க ஏலுமே?”

“எந்த இடத்திலை?”

“அந்த... அவர் சாகிற இடத்திலை.”

“பிள்ளை,” என்றார் அண்ணை, களவெடுத்த பிள்ளையைப் பார்க்கும் அதிபரைப் போலப் பார்த்து, “நாடகம் தொடங்க முன்னமே அவர் செத்திட்டார்.”

அந்தக் கிழமை முழுக்க அவர் என்னோடு முகம் கொடுக்கவில்லை. எனக்கும் ஒரு வைராக்கியம் வந்தது. பௌர்ணமிப் போயா லீவன்று இறாலை உடைக்க எடுத்துக்கொண்டு, கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக் குசினியில் இருந்து பார்த்தேன். முதல் மூன்றும் இழுத்தது. சத்தியமாக இழுத்தது. நாலாவதில் கையில் இருந்த இறாலோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். அதன் பிறகு வந்த கண்ணீரில் எவ்வளவு இறாலால் வந்தது, எவ்வளவு நாடகத்தால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் வந்து “என்னப்பா நடந்தது?” என்று பதறினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன்” என்றேன். தொற்று நோய், ஐயா, தொற்று நோய்.

மறுநாள் வானில் ஏறியதும் அண்ணையிடம் ஒப்புவித்தேன். கதிரையில் இருந்த ஆளின் காது மடல் சிவந்ததைக்கூடச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்தோசத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டதுதான் நல்லது.

“லாபிர் நானா இதைப் பாத்தவரே அண்ணை?”

லாபிர் நானாவை உங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணையோடு ஒரே ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர், கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் குறிஞ்சாக்கேணிக்காரர், இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே பத்திரிகையைப் பாதி பாதியாகக் கிழித்து வாசித்து, ஒருவர் லீவென்றால் மற்றவரும் வயிற்றுக்குத்து என்று லீவு போடுகிற அளவுக்குச் சிநேகிதம். நானாவின் மனைவி றம்லா ராத்தா இறந்து, அவர்கள் சொல்கிறபடி மௌத்தாகி, ஒன்பது மாதம்.

அண்ணை வெளியே பார்த்தார். “லிங்க் அனுப்பினனான்.”

“எப்ப?”

“அவ மௌத்தான அண்டைக்கு.”

அவரே கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ‘கட்டாயம் பாருங்கோ நானா. மனசுக்கு ஆறுதலா இருக்கும். முதல் மூண்டும் இழுக்கும். நாலாவதிலை பிடிக்கும்.’ அதன் கீழே கும்பிட்ட கை இரண்டு. அதன் கீழே வாசித்ததற்கு அடையாளமாக நீலச் சரி இரண்டு. அதன் கீழே ஒன்றுமில்லை, ஒன்பது மாதமாக.

“என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லைப் பிள்ளை. நியூஸ் கேட்டவுடன் போனை எடுத்தனான். மனசிலை இருந்ததெல்லாம் அந்த நாடகம்தான். அதை அனுப்பினனான்.”

“நேரை போகேல்லையோ?”

“நான் கேள்விப்படேக்கை அடக்கிப் போட்டினம். பிறகு... முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் காட் வரும், அப்ப போவம் எண்டு இருந்தனான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அண்ணை! இருபத்திரண்டு வருசமாப் பெருநாளுக்குப் பெருநாள் அந்த வீட்டிலை வட்டிலப்பம் சாப்பிட்டனீங்கள். முஸ்லிம் வீட்டிலை ஆர் எங்களை மாதிரி அந்தியேட்டிக் காட் அடிக்கிறது?”

“தெரியும்,” என்றார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு ஏசும் ஆசை போய்விட்டது. “முதல் கிழமை பயத்திலை போகேல்லை. ரெண்டாம் கிழமை, முதல் கிழமை போகாத வெக்கத்திலை போகேல்லை. இப்ப ஒம்பது மாசத்து வெக்கத்தையும் தூக்கிக்கொண்டு எப்பிடிப் போறது? சிநேகிதன் எண்டு சொல்ல எனக்கு வேறை ஆள் இல்லை. அந்த மனிசன் என்னை விட்டிட்டார் எண்டால் நான் என்ன செய்ய?”

ஆக, ஊர் முழுக்க ‘பாருங்கோ, பாருங்கோ’ என்று சொல்லித் திரிந்தவர், தான் பார்க்க வேண்டிய ஒரே ஒரு ஆளைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். செத்தவீட்டுக்கு வராத அந்தக் குளிர்தேசத்துக்காரனுக்காகப் பதினொரு தடவை வானில் கண்கலங்கியவர், கிண்ணியாப் பாலத்தைத் தாண்டவில்லை.

“சனிக்கிழமை போறம். நானும் வாறன்,” என்றேன்.

சனிக்கிழமை போனோம். கிண்ணியா பஸ்ஸில் அவர் ஒரு நாடகமும் பேசவில்லை, அதுவே முதல் அதிசயம். ஆட்டோவில் இறங்கி நானாவின் கேற்றடிக்கு வந்ததும் செருப்பு வாரைச் சரி செய்தார். எதிர் மதிலில் ஒட்டியிருந்த டியூசன் வகுப்பு நோட்டீசை முழுவதும் வாசித்தார். இரசாயனவியல், வெள்ளி மாலை என்று எனக்கும் வாசித்துக் காட்டினார். நான் கேற்றைத் திறந்து அவரை உள்ளே தள்ளினேன்.

“வாங்க. இரிங்க,” என்றார் லாபிர் நானா. மெலிந்திருந்தார். அவ்வளவுதான் பேச்சு. மூன்று பேரும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து மின்விசிறியைப் பார்த்தோம். அது நல்ல மின்விசிறி. நாற்பது நிமிடம் பார்த்தோம்.

நான் குசினிப் பக்கம் நழுவினேன். அங்கே நானாவின் மகள் ஆதிலா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: “வாப்பா கேக்கிற ஆக்களுக்கெல்லாம் ஒண்டுதான் சொல்ற. சிவகுருட வீட்டில துடக்கு ஏதும் இரிக்கும், அவங்கட முறையில வரப்படாது, அதான் வரல்ல எண்டு. ஒம்பது மாசமாவா வாப்பா துடக்கு எண்டு நான் கேக்கல்ல.”

கேட்டீர்களா கூத்தை? இவர் அவர்கள் வீட்டில் இல்லாத அந்தியேட்டியைச் சாட்டி ஒளிந்திருக்கிறார். அவர் இவர் வீட்டில் இல்லாத துடக்குத் தீட்டைச் சாட்டி இவரைக் காப்பாற்றியிருக்கிறார். ஆளுக்காள் மற்றவரின் முறையை இவ்வளவு மதிக்கிற ஊர் வேறெங்கே உண்டு?

இரண்டாம் சனிக்கிழமை அண்ணை தனியே போனார். திங்கள் வானில் விசாரித்தேன்.

“என்ன கதைச்சனீங்கள்?”

“மழையைப் பற்றி.”

மூன்றாம் சனிக்கிழமையும் போனார்.

“இந்த முறை?”

“மழை பெய்யேல்லை எண்டதைப் பற்றி.”

நாலாவது சனிக்கிழமைக்கு நானும் வர வேண்டும் என்று கெஞ்சினார். “நீங்கள் இருந்தால் மின்விசிறியைத் தவிர வேறை ஏதும் பாக்கலாம்” என்றார். போனேன். பழையபடி கதிரை, பழையபடி மின்விசிறி. பாவம் ஆதிலா, தேத்தண்ணியை வைத்துவிட்டு, மௌனத்தைத் தாங்க முடியாமல், மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்: “அங்கிள், லீவு நாளையில வீட்டில என்ன செய்யிற நீங்க?”

போச்சு. முழங்கை அகப்பட்டுவிட்டது. அண்ணையின் கண்ணில் அந்த வெளிச்சம் வந்தது. நான் காலால் உதைத்தேன், அவருக்கு உறைக்கவில்லை. நோயாளிக்குத் தன் நோய் தெரியுமா? மௌத்து நடந்த வீட்டில், மௌத்தானவரின் மகளைப் பார்த்து, “பிள்ளை, ஒரு நாடகம் இருக்கு, கட்டாயம் பாருங்கோ. முதல் மூண்டும் இழுக்கும். நாலாவதிலை...” என்று தொடங்கி, எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் நினைவு வந்து, வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்.

“நாலாவதும் இழுவதான்,” என்றது ஒரு குரல்.

லாபிர் நானா.

அண்ணையின் கையில் இருந்த தேத்தண்ணி சாய்ந்து கட்டியிருந்த சாரத்தில் ஊற்றியது. “நானா... பாத்தனீங்களோ?”

“நாப்பது நாள் வீட்டில டிவி போடல்ல. அதுக்குப் பொறகு போன்ல பாத்தன். எல்லாம் பாத்தன். ரெண்டு தரம் பாத்தன்.”

“பிறகேன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“ஆருக்குச் சொல்ற? நாடகத்த அனுப்பிப் போட்டு ஆள் வரல்லயே. பாத்துப் போட்டு நான் ஆரோட கதைக்கிற? செவரோடயா?” நானா கதிரையை முன்னுக்கு இழுத்தார். “சரி, சொல்லுங்க. அந்த நாலாவதில, மௌத்துக்கு வராத மனிசன் வந்து கதிரையில இரிக்கான். ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டானா? சும்மா முடிய வெட்டி அனுப்புறானுகள். இதென்ன நாடகம்? நானெண்டா நல்லா ஏசிப் போட்டுத்தான் கத்தரிக்கோலத் தொடுவன்.”

நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்திலும் அண்ணை விமர்சனம் சொல்லத் தொடங்கினார். “இல்லை நானா, அதிலைதான் விசயமே இருக்கு, அந்த அமைதியிலை...” பிறகு நிறுத்தினார். நானாவைப் பார்த்தார். கதிரையில் நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, தலையைக் குனிந்தார்.

“அப்ப ஏசுங்கோ நானா.”

நானா ஏசினார். ஐயோ, எப்படி ஏசினார்! ஒன்பது மாதத்தை ஒன்றுசேர்த்து ஏசினார். “கடைசிக் கிழமையில றம்லா ரெண்டு தரம் கேட்டா, சிவகுரு அண்ணன் வரல்லயா எண்டு. ஒங்களுக்கு ஏலக்காய் ஒத்துவராதெண்டு இருபத்திரண்டு வருசம் ஒரு கிண்ணத்தில புறம்பா வட்டிலப்பம் வெச்சவ அவ. இந்தப் பெருநாளைக்கும் ஆதிலா அந்தக் கிண்ணத்த எடுத்து வெச்சா. நான்தான் அலுமாரிக்குள்ள வைக்கச் சொன்ன. லிங்க் அனுப்பின மனிசனுக்கு ஒரு பஸ் ஏற ஏலாதா? காட் அடிச்சு வெத்திலை பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா ஒங்கள?”

அண்ணை அழுதார். எந்த இடத்தில் அழுதீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆதிலா குசினிக்குப் போய்விட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை.

ஏசி முடித்து நானா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். “முடிவும் சரியில்ல,” என்றார்.

“என்ன?” அண்ணை கண்ணைத் துடைத்தபடியே நிமிர்ந்தார். “முடிவு சரியில்லையோ? முடிவிலை என்ன பிழை?”

“அந்தச் சலூன மூடியிரிக்கணும்.”

“மூடுறதோ! நானா, உங்களுக்கு நாடகமே விளங்கேல்லை!”

தொடங்கியது. இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸில் நடந்த அதே சண்டை, அதே குரல், மேசையில் அதே தட்டு. சலூனை மூடுவதா விடுவதா என்று அந்த இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் அடிபட்டார்கள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். நானா எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் திரும்பினார். “எழும்பிப் போயிராதீங்க. தொழுதிட்டு வாறன். கதை முடியல்ல.”

அண்ணை என்னைப் பார்த்தார். ஈரச் சாரமும் வீங்கிய கண்ணுமாக, இந்தத் திருகோணமலையிலேயே அவரைவிடச் சந்தோசமான மனிதர் அப்போது இருந்திருக்கமாட்டார். “பாத்தீங்களே பிள்ளை,” என்றார். “நான் சொன்னனான்தானே? நாலாவதிலை பிடிக்கும்.”

இதோடு அவருக்கு நோய் மாறியிருக்கும் என்று நினைக்காதீர்கள். முற்றிவிட்டது. இப்போது காலையில் வானில் அவர் யாருக்காவது நாடகத்தைச் சொல்லத் தொடங்கினால், மடியில் இருக்கும் கைப்பேசியிலிருந்து குறிஞ்சாக்கேணிக் குரல் ஒன்று, “நம்பாதீங்க, நாலாவதும் இழுவ!” என்று கத்துகிறது. முன்பு ஒருவரைத் தாங்கினோம், இப்போது இரண்டு பேர்.

சரி, உங்களிடம் வருவோம். கடைசியில் பேசிக்கொள்வோம் என்று நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் கைப்பேசியை எடுங்கள். கும்பிட்ட கை இரண்டு, ஒரு லிங்க், இரண்டு நீலச் சரி, அதன் கீழே ஒன்றுமில்லை என்று ஏதாவது ஒரு பெயர் கிடக்கிறதா? என்னுடையதில் கிடந்தது. ஹுஸ்னியா, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள், வாப்பா மௌத்தாகி நாலு மாதம். இதை எழுதி முடித்ததும் அவளுக்குத்தான் அனுப்பப் போனேன். ‘கட்டாயம் வாசி, தொடக்கம் கொஞ்சம் இழுக்கும்’ என்று தட்டச்சும் செய்துவிட்டேன். பிறகு அதை அழித்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

நீங்கள் இப்போது இதை யாருக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அனுப்பாதீர்கள். அந்த ஆளின் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் பஸ்?